டிக்

கிளச் சுவிட்ச் என்பது
புளியங்கொட்டையளவு கறுப்புப் பிளாஸ்ரிக்.
பிடியை முழுதாய் இழுத்தால் உள்ளே ஒரு 'டிக்'.
கியரில் நிற்கும் சைக்கிள்
அது கேட்காமல் ஸ்ரார்ட் ஆகாது.

மாரியில் அதற்குள் சேறு போயிற்று.
முரசுமோட்டையிலிருந்து நாலரைக்கு வெளிக்கிட்டால்தான்
முகமாலை வாகனத்தைப் பரந்தன் சந்தியில் பிடிக்கலாம்.
மூன்று நாள் தவறவிட்டேன்.
மூன்று நாளும் சம்பளம் வெட்டு.

கராச்சில் கீர்த்திகன் சொன்னான்:
"சாமான் வவுனியாவில இருந்து வரவேணும் அக்கா, கிழமையாகும்.
அவசரமெண்டா நேர விட்டுத் தாறன்."

நேர விடுவதென்றால்
இரண்டு வயரை உரித்து, முறுக்கி,
கறுப்பு ரேப் சுற்றுவது.
ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிந்தது.
காசும் வாங்கவில்லை.
"கியரில நிக்கேக்க பட்டனை அமத்திப்போடாதேங்கோ" என்றான்
அடுத்த சைக்கிளுக்குக் குனிந்தபடி.
தலையாட்டினேன்.

நான் யாரென்றால்,
நாள் முழுக்க முழங்காலில் நின்று
கண்ணிவெடிக்கு மண் சுரண்டுகிறவள்.
முகக்கவசம் இறக்காமல் கோட்டுக்குள் கால் வைத்தால்
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள்.
ஒரு சாண் நிலத்தைக்
கருவி ஒருதரம் கேட்கும், நான் ஒருதரம் கேட்பேன்,
பின்னால் வருகிறவள் இன்னொருதரம்.
மூக்கு அரித்தால்கூடப்
பின்வாங்கி எழும்பி, கோட்டைத் தாண்டி வந்துதான் சொறியலாம்.
ஒன்பது வருடத்தில் ஒரு விதியையும் நான்
நேர விட்டதில்லை.

நாற்பத்தொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை.
அதுதான் மோசம்.
ஒன்றும் நடக்காத நாள் ஒவ்வொன்றும்
அந்த ரேப்புக்குச் சாட்சி சொன்னது.
இடக்கையில் சாப்பாட்டுப் பெட்டி, வலக்கை விரலில் பட்டன்,
வசதியாகவும் இருந்தது.

அடுத்த நாள்
முற்றம் சறுக்கும் என்று இரவே
முதலாம் கியரில் விட்டிருந்தேன்.
விட்டதை மறந்தும் இருந்தேன்.
பக்கத்தில் நின்றபடி, ஏறாமல்,
எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும் என்று அமத்தினேன்.

கயிறறுத்த நாம்பன் மாதிரி ஒரு பாய்ச்சல்.
ஸ்ராண்ட் மண்ணைக் கிழித்தது.
குழாய்க்கிணற்றடியில் கான் நிரப்பிக்கொண்டு நின்ற
சிவபாதம் அண்ணையை இடித்து
அவரையும் கானையும் சேர்த்துச் சரித்துக்கொண்டு
விழுந்து படுத்தது.
சில்லு மட்டும் நிற்காமல் சுற்றிற்று.
சாவியைத் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் எழும்பி இருந்து
சாரத்தைத் தூக்கிப் பார்த்தார்.
முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக் வெடித்து
பாதம் பின்பக்கம் பார்த்தது.
"பயப்பிடாத பிள்ளை" என்றார்.
"ஏற்கெனவே போன கால்தான்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
மற்றக் கால்
அதிலிருந்து ஒரு சாண் தள்ளி
சேற்றில்
ஐந்து விரலோடும் இருந்தது.

மறுநாள் களத்தில்
மேற்பார்வையாளர் ஜெயறூபி விதிகளை வாசித்து
விளங்கிச்சோ என்று கேட்க
எல்லோரும் ஓம் என்றார்கள்.
என் ஓம் கொஞ்சம் பிந்திற்று.

யாழ்ப்பாணத்தில் புதுக்காலுக்கு அளவெடுக்கச்
செவ்வாய்க்கிழமை வரச்சொன்னார்கள்.
ஞாயிறே வவுனியா பஸ் ஏறிச்
சுவிட்சை நானே வாங்கிவந்தேன்.
கீர்த்திகன் ரேப்பை உரிக்கும்போது ஒன்றும் பேசவில்லை.
பிசினாய் ஒட்டிய அந்தச் சுருளைக்
குப்பையில் போடாமல்
காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

எங்கள் வேலையில்
'டிக்' கேட்கக்கூடாத சத்தம்.
கனவில் கேட்டாலும் எழும்பி இருந்துவிடுவோம்.

செவ்வாய் விடிய,
ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்தபடி
அண்ணை பின்னால் ஏறி இருந்தார்.
பிடியை முழுதாய் இழுத்துக்
காது கொடுத்தேன்.

"என்ன பிள்ளை, வெளிக்கிடேல்லையோ?"

"பொறுங்கோ அண்ணை."